வெட்கம் என்று சொல்லி நமது பெண்களின் நோவை மூடி வைத்தது போதும்



நீளமான பதிவு. ஏச விரும்புகிறவர்களும் முழுவதையும் வாசித்துவிட்டு ஏசுங்கள்.

போன கிழமை எங்கள் பாடசாலையில் மேல் வகுப்பு மாணவிகளுக்கும் அவர்களுடைய உம்மாமாருக்கும் ஒரு கருத்தரங்கு ஒழுங்கு செய்திருந்தோம். மாதவிடாய்க் கோளாறுகளும் பெண் பிள்ளைகளின் சுகாதாரமும் என்பது தலைப்பு. பேச வரவிருந்தவர் ஒரு பெண் டொக்டர், நமது சமூகத்துப் பிள்ளை. மண்டபத்துக்குள் ஆண் ஆசிரியர்கள் யாரும் போவதில்லை என்றும் முடிவு செய்திருந்தோம். அழைப்புக் கடிதம் வீடுகளுக்குப் போன இரண்டாம் நாள் அதன் படம் ஊர் வட்ஸ்அப் குரூப்புகளில் சுற்றத் தொடங்கியது. "பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற விஷயமா இது?" என்று ஒருவர். "வெட்கம் கெட்ட வேலை" என்று இன்னொருவர். பிறகு நாலைந்து பெரியவர்கள் அதிபரைச் சந்தித்தார்கள். நிகழ்ச்சி ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைப்பு என்றால் என்ன அர்த்தம் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

நிறுத்தியவர்கள் மேல் கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டோம். ஆனால் இந்த விஷயத்தில் முதல் குற்றவாளிகள் அவர்கள் அல்ல. நாங்கள்தான், ஆசிரியர்கள்தான். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களைப் பற்றிப் பேச எங்களுக்கு வாய் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்பு எங்களிடம் ஒரு பிள்ளை படித்தாள். கெட்டிக்காரி. ஒவ்வொரு மாதமும் மூன்று நாள், சில மாதம் நான்கு நாள் பாடசாலைக்கு வரமாட்டாள். வரவுப் பதிவேட்டில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டோம். காலைக் கூட்டத்தில் பெயர் சொல்லி ஏசினோம். உம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தோம். அந்தத் தாய் தலையைக் குனிந்துகொண்டு, "வயித்து நோ சேர்" என்று மட்டும் சொன்னார். "எல்லாப் பொம்பிளைப் பிள்ளைகளுக்கும் வாறதுதானே, நாங்களும் அதோடதான் படிச்சம்" என்று எங்களோடு இருந்த ஆசிரியை ஒருவர் பதில் சொன்னார். அதற்கு மேல் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஓ.எல் பரீட்சையில் கணித வினாத்தாளை அரைவாசியில் விட்டுவிட்டு மண்டபத்தை விட்டு வெளியே வந்தாள். வாந்தி. நிற்க முடியவில்லை. கணிதத்தில் தவறினாள், படிப்பு அதோடு நின்றது. கல்யாணம் முடித்தால் எல்லாம் சரியாகும் என்று பத்தொன்பது வயதில் கட்டிக் கொடுத்தார்கள். ஐந்து வருடம் பிள்ளையில்லை. மாமி வீட்டாரின் பேச்சு, ஓதிய தண்ணீர், கட்டிய நூல், பரிகாரியார் கொடுத்த லேகியம் எல்லாம் முடிந்த பிறகுதான் ஒருவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இரண்டு சூலகத்திலும் கட்டி. நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ்.

பழைய சான்றிதழ் ஒன்றை எடுக்க வந்த நாளில் இதையெல்லாம் எங்களிடம் சொல்லிவிட்டு, போகும்போது ஒரு வார்த்தை சொன்னாள்: "அப்ப நான் நடிக்கல்ல சேர். மெய்யாத்தான் நொந்திச்சு."

அந்த வார்த்தைக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. இன்றும் இல்லை. அதனால்தான் அந்தக் கருத்தரங்கை வைக்க நினைத்தோம்.

எண்டோமெட்ரியோசிஸ் என்றால் என்ன? கருப்பையின் உள்ளே ஒரு மென்மையான படை இருக்கிறது. மாதா மாதம் உரிந்து இரத்தமாக வெளியேறுவது அதுதான். சில பெண்களுக்கு அதைப் போன்ற படை கருப்பைக்கு வெளியேயும் வளர்கிறது: சூலகத்தில், பலோப்பியன் குழாயில், குடலின் மேல். அங்கேயும் வீங்கிக் கசிகிறது, ஆனால் வெளியேற வழியில்லை. உள்ளேயே புண்ணாகி, தழும்பாகி, உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கிறது. மாதவிடாய் நாட்களில் தாங்க முடியாத நோ, மலம் கழிக்கும்போது நோ, கல்யாணத்துக்குப் பிறகு கணவனோடு சேரும்போது நோ, பலருக்குப் பிள்ளை தங்குவதில் சிரமம். உலகில் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 வீதமானோருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கணக்கில் 19 கோடிப் பேர். நாற்பது பிள்ளைகள் இருக்கும் ஒரு வகுப்பில் நான்கு பேருக்கு இது இப்போதோ பிறகோ இருக்கலாம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். நோ தொடங்கி நோயின் பெயர் தெரியவரப் பல வருடங்கள் எடுக்கிறது. அந்த வருடங்கள் வேறு எந்த வருடங்களும் அல்ல. படிக்கிற, கல்யாணம் முடிக்கிற, பிள்ளை பெறுகிற வருடங்கள்.

இது ஒன்று மட்டுமல்ல. பிசிஓஎஸ் என்கிறார்களே, அதுவும் பத்தில் ஒரு பெண் அளவுக்கு இருக்கிறது. மாதவிடாய் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். முகத்தில் முடி வளரும், பரு வரும், நிறை கூடும். நாம் என்ன செய்கிறோம்? அந்தப் பிள்ளையைப் பார்த்து "சோத்தைக் குறை" என்கிறோம். கல்யாண வீட்டில் உட்கார்ந்துகொண்டு "மீசை வச்சிருக்கா" என்று சிரிக்கிறோம். அவள் ஃபோட்டோ எடுக்க நிற்பதில்லை, விருந்துக்கு வருவதில்லை, அறையைப் பூட்டிக்கொண்டு இருக்கிறாள் என்றால் திமிர் என்கிறோம். அது உடம்பின் ஹோர்மோன் கோளாறு. கவனிக்காமல் விட்டால் நாளைக்கு நீரிழிவு வரும் வாய்ப்பும் கூடும். நிறையில் ஐந்து வீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வரத் தொடங்கும். இதை அவளுக்கு ஒரு டொக்டர் மரியாதையாகச் சொன்னால் செய்வாள். நாம் சிரித்தால் செய்யமாட்டாள்.

கருப்பையில் பைப்ரொயிட் கட்டி வந்து மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் இரத்தம் போகிற தாய்மார் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். படி ஏறினால் மூச்சு வாங்கும். தலை சுற்றும். "உம்மாவுக்கு வயசு போகுது" என்று சொல்லிக்கொள்கிறோம். நாற்பத்திரண்டு வயதில் என்ன வயசு போகிறது? இரத்தம் போகிறது. இரும்புச் சத்தில்லாமல் உடம்பு வெறுமையாகிறது. அதோடுதான் நோன்பு பிடித்து, சஹருக்கு எழும்பி, நோன்புக் கஞ்சி காய்ச்சி, நமக்குப் பரிமாறிவிட்டு நிற்கிறார்.

இப்போது நம் ஊர்களில் சொல்லப்படும் நியாயங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"கல்யாணம் முடிச்சா சரியாகும்." இதைச் சொல்லாத வீடு நம்மில் எது? கல்யாணம் ஒரு இபாதத். மருந்து அல்ல. இந்த நோய்களில் ஒன்றுகூட நிக்காஹ் எழுதியதால் மாறுவதில்லை. நோய் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நோகிறது என்று சொல்லும் உரிமைதான் அவளுக்குக் குறைகிறது. வாப்பா வீட்டில் நோ என்று படுத்தவள், மாப்பிள்ளைக்கு முன்னால் படுக்க வெட்கப்படுகிறாள். பிறகு "குடும்பம் நடத்தத் தெரியாதவள்" என்ற பெயரும் வருகிறது.

நமது கிழக்குப் பக்கத்தில் மகளுக்கு வீடு கட்டுகிறோம். வாப்பா கட்டாரிலும் சவூதியிலும் பதினைந்து வருடம் வெயிலில் நின்று, கல் கல்லாகச் சேர்த்து, மதிலோடு வீடு முடிக்கிறார். டைல் என்ன நிறம் என்று குடும்பமே கூடிப் பேசுகிறது. அந்த வீட்டில் வாழப்போகிற பிள்ளையின் உடம்பைப் பற்றி ஒரு நாள் யாராவது கூடிப் பேசினோமா? இலட்சக்கணக்கில் கொங்கிரீட் போட்டோம். பத்து நாள் இரத்தம் போகிறது என்று சொன்ன மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஓட்டோவுக்குக் காசு கொடுக்கவில்லை.

அதற்குக் காரணமும் நமக்குத் தெரியும். பணம் இல்லாததால் அல்ல, பயத்தால். "விஓஜியிடம் சனல் பண்ணிக் கொண்டு போறாங்க என்று ஊருக்குத் தெரிஞ்சா பிள்ளைக்கு மாப்பிள்ளை வராது." இந்தப் பயத்தை உண்டாக்கியது யார்? வெளியூரார் இல்லை. கிளினிக் வாசலில் ஒரு குமர்ப்பிள்ளையைக் கண்டால் அன்று மாலைக்குள் நாலு வீட்டுக்குச் செய்தி சொல்கிற நாம்தான். அந்தப் பேச்சுக்கு அல்லாஹ்விடம் கணக்கு இல்லையா?

அடுத்தது, பிள்ளை இல்லாவிட்டால் குற்றம் பெண்ணுடையது. உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதோவொரு கட்டத்தில் பிள்ளைப்பேறின்மையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய அரைவாசிப் பேரில் ஆணின் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. அதை அறிய ஆண் செய்ய வேண்டியது ஒரு விந்துப் பரிசோதனை. ஊசி இல்லை, வெட்டு இல்லை, நோ இல்லை. ஆனால் மனைவி ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் செய்து, குழாய்க்குள் மருந்து ஏற்றி எக்ஸ்ரேயும் எடுத்து முடித்த பிறகும் அந்த ஒரு சோதனைக்கு மட்டும் போகாத ஆண்கள் நம்மில் எத்தனை பேர்? போகாமலேயே இரண்டாவது கல்யாணத்துக்குப் பெண் தேடியவர்கள் எத்தனை பேர்?

தான் நாடியவரை மலடாக ஆக்குவதும் தன் நாட்டமே என்று அல்லாஹ் குர்ஆனில் (42:50) சொல்கிறான். ஆயிஷா (ரழி) அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவர்களை நாம் முஃமின்களின் தாய் என்கிறோம். ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையில்லாத பெண்ணைத் தொட்டில் விழாவுக்கு முன்வரிசையில் உட்கார விடுவதில்லை. இது எந்த மார்க்கம்?

இனி மருந்துக்கு வருவோம். "ஹோர்மோன் மாத்திரை குடிச்சா கருப்பை பழுதாகும்" என்று குமர்ப்பிள்ளைகளுக்கு டொக்டர் எழுதிய துண்டைக் கிழித்துப் போட்ட உம்மாமாரை எங்களுக்குத் தெரியும். அதே வீட்டில் றமழான் வந்தால் என்ன நடக்கிறது? முப்பது நோன்பும் விடாமல் பிடிக்க வேண்டும் என்று மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையை, துண்டும் இல்லாமல், டொக்டரையும் கேட்காமல் பார்மசியில் வாங்குகிறோம். உம்ராவுக்குப் போகும்போதும் வாங்குகிறோம். அதுவும் ஹோர்மோன்தான். எண்டோமெட்ரியோசிஸுக்கும் அதிக இரத்தப் போக்குக்கும் டொக்டர்மார் கொடுக்கும் மருந்துகளில் அதே மாத்திரையும் ஒன்று. நமது வசதிக்கு என்றால் ஹலால், அவளுடைய நோவுக்கு என்றால் ஆபத்தா?

தடுப்பூசிக் கதை இன்னும் மோசம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி வைரசுக்கு எதிரான தடுப்பூசி 2017 முதல் நமது பாடசாலைகளில் தரம் 6 மாணவிகளுக்கு இலவசமாகப் போடப்படுகிறது. "அது போட்டால் பிள்ளை பிறக்காது" என்ற குரல் பதிவு ஒன்று வருடா வருடம் சுற்றுகிறது. விருப்பக் கடிதத்தில் கையொப்பம் போடாமல் திருப்பி அனுப்பும் வாப்பாமார் இருக்கிறார்கள்.

2018 பெப்ரவரியில் அம்பாறையில் நடந்தது மறந்துபோச்சா? முஸ்லிம் ஹோட்டலின் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று ஒரு புரளி. கடையை உடைத்தார்கள், பள்ளிவாசலை உடைத்தார்கள். கடைசியில் அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது அது வெறும் மாக்கட்டி. அன்று நாம் என்ன சொன்னோம்? "விஞ்ஞானத்தைக் கேளுங்கள், டொக்டர்மாரைக் கேளுங்கள், புரளியை நம்பாதீர்கள்" என்று நாடு முழுக்கக் கத்தினோம். சரியாகத்தான் கத்தினோம். இன்று அதே மலட்டுப் புரளியை நாமே நமது பிள்ளைகளைப் பற்றி வட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். அப்போது எரிந்தது கடை. இப்போது ஆபத்தில் இருப்பது நம் மகள்மார்.

"எங்கட பிள்ளைகள் ஒழுக்கமானவர்கள், இந்த ஊசி தேவையில்லை" என்று சிலர் சொல்கிறார்கள். ஒழுக்கமான பெண்ணுக்கும் கணவனிடமிருந்து இந்த வைரசு வரலாம். அவனுடைய கடந்த காலத்துக்கு அவள் ஏன் உயிரைக் கொடுக்க வேண்டும்?

இனி வெட்கம். கருத்தரங்கை நிறுத்தச் சொன்னவர்களின் பெரிய வாதம் இதுதான். ஹயா ஈமானின் ஒரு பகுதி என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடே இல்லை. ஆனால் ஹயா என்றால் என்ன? மாதவிடாயைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டவர்கள் ஸஹாபாக்கள். பதில் சொன்னவன் அல்லாஹ். அந்த வசனம் (2:222) அதை ஓர் உபாதை என்றே குறிப்பிடுகிறது. நமது பள்ளிவாசல்களில் தொழுகையில் சத்தமாக ஓதப்படுகிற வசனம் அது. பாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரழி) என்ற ஸஹாபிப் பெண் நபி (ஸல்) அவர்களிடம் நேரே வந்து, தனக்கு உதிரம் நிற்பதேயில்லை, தொழுகையை விட்டுவிடவா என்று கேட்டார். வெட்கம் கெட்டவள் என்று யாரும் அவரை அனுப்பவில்லை. வேண்டாம், அது மாதவிடாய் அல்ல, நரம்பிலிருந்து வருவது என்று விளக்கம் கொடுத்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. மார்க்கத்தைக் கற்றுக்கொள்ள வெட்கம் தடையாக இருக்க விடவில்லை என்று அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரழி) அவர்கள் புகழ்ந்தார்கள். அவர்களைவிட நமக்கு வெட்கம் கூடிவிட்டதா?

வழமையான மாதவிடாய் எது, நோயால் வரும் இரத்தம் எது என்ற வித்தியாசம் பல நூற்றாண்டுகளாக நம் பிக்ஹ் கிதாபுகளில் இருக்கிறது. ஆனால் நம் தாய்மார் சிலர் இரத்தம் நிற்காததால் மாதக்கணக்கில் தொழுகையையே விட்டிருக்கிறார்கள். மௌலவியிடம் கேட்க வெட்கம், டொக்டரிடம் காட்டவும் வெட்கம். இருமினால் தும்மினால் சிறுநீர் கசிகிறது, கருப்பை கீழே இறங்குகிறது என்பதால் வுழூ நிற்காது என்று பயந்து தராவீஹுக்கு வராமல் வீட்டில் அழுகிற மூத்தம்மாமார் இருக்கிறார்கள். அதற்குப் பயிற்சி இருக்கிறது, வளையம் இருக்கிறது, சத்திரசிகிச்சை இருக்கிறது. அவர்களை ஸுஜூதிலிருந்து தள்ளி வைத்தது நோய் மட்டுமல்ல. நமது மௌனமும்தான்.

"ஆம்பிளை டொக்டரிடம் எப்படிக் காட்டுவது?" நியாயமான கேள்வி. பெண் டொக்டரைக் கேளுங்கள், கிடைக்கும் இடத்துக்குப் போங்கள். கிடைக்காவிட்டால் கூட ஒரு பெண் தாதி இருக்கும்படி கேளுங்கள், அது உங்கள் உரிமை. உயிருக்கும் உடம்புக்கும் தேவை என்று வரும்போது மார்க்கம் தரும் சலுகையை உலமாக்களிடம் கேட்டறியுங்கள். ஆனால் ஒன்று. பெண் டொக்டர் வேண்டும் என்று கேட்கிற ஊர், தன் பெண் பிள்ளைகளை மருத்துவம் படிக்க அனுப்பவும் வேண்டும். விடுதியில் தங்கவிட மாட்டோம், இருபதில் கட்டிக் கொடுப்போம், ஆனால் நம் மனைவியைப் பார்க்க மட்டும் பெண் டொக்டர் வேண்டும் என்றால் அந்த டொக்டர் யாருடைய மகள்?

ஓதிப் பார்ப்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஓதுங்கள், துஆ செய்யுங்கள். ஓதிய தண்ணீரைக் குடித்துவிட்டு ஸ்கேனுக்கும் போங்கள். மருந்து செய்யச் சொன்னதும் அதே நபி (ஸல்) அவர்கள்தான்.

இனி வேலைக்கு வருவோம்.

உம்மாமாரே, மகளுடைய நாட்களை ஒரு கலண்டரில் குறியுங்கள். ஏழு நாளுக்கு மேல் போனால், ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு பேட் நனைந்தால், பெரிய கட்டிகளாகப் போனால், நோ மாத்திரை குடித்தும் பாடசாலைக்குப் போக முடியாவிட்டால், மூன்று மாதமாக வராவிட்டால் காட்டுங்கள். அது "எல்லாருக்கும் வாறது" அல்ல. உங்களுக்கே மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு திரும்பவும் இரத்தம் கண்டால், ஒரு துளியாக இருந்தாலும், ஒரு கிழமைகூடப் பிந்தாதீர்கள். புற்றுநோயின் முதல் அடையாளமாக அது இருக்கலாம்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. 35 வயதிலும் 45 வயதிலும் பெண்கள் கட்டாயம் போக வேண்டிய இடம். பிரஷர், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். செய்பவர்கள் நமக்குப் பழக்கமான குடும்பநல உத்தியோகத்தர் மிஸ்மார்தான். கர்ப்பமானால் மட்டும் அவர்களைத் தேடுகிறோம். மற்ற நாட்களிலும் அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

வாப்பாமாரே, கணவன்மாரே, கூட்டிக்கொண்டு போங்கள். வாசலில் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து ஃபோன் நோண்டாமல் உள்ளே போய் டொக்டர் சொல்வதைக் கேளுங்கள். பிள்ளையில்லாவிட்டால் முதல் பரிசோதனையை நீங்கள் செய்யுங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகிகளே, வருடத்தில் ஐம்பத்திரண்டு ஜும்ஆ இருக்கிறது. அதில் ஒன்றை இதற்குத் தாருங்கள்.

ஆசிரியர்களாகிய நாங்கள் என்ன செய்வோம்? விஞ்ஞானப் புத்தகத்தில் இனப்பெருக்கப் பாடம் வந்ததும் "வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைப் புரட்டுவதை நிறுத்துவோம். ஆண் ஆசிரியருக்குச் சங்கடம் என்றால் அந்த மூன்று பாடவேளையை ஆசிரியை ஒருவரோடு மாற்றிக்கொள்வோம். வரவுப் பதிவேட்டில் ஒரு மாணவிக்கு மாதா மாதம் ஒரே மாதிரி இடைவெளி விழுந்தால் ஏசுவதற்கு முன்னால் ஓர் ஆசிரியையை அனுப்பி விசாரிப்போம். பாடசாலை மலசலகூடத்தில் தண்ணீரும், கதவில் கொண்டியும், மூடியுள்ள குப்பைக் கூடையும் இருக்கிறதா என்று பார்ப்போம். இவை இல்லாத பாடசாலையில் படிப்பைப் பற்றி மட்டும் பேச எங்களுக்கும் வெட்கம் வர வேண்டும்.

அந்தக் கருத்தரங்கை நிறுத்தியவர்களிடம் கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டிலும் மகள்மார் இருக்கிறார்கள், மருமகள்மார் இருக்கிறார்கள். இன்று இரவு உங்கள் மனைவியிடம் தனியாக ஒரு கேள்வி கேளுங்கள்: "உனக்கு எங்கேயாவது நோகுதா, எனக்குச் சொல்லாம வச்சிருக்கியா?" பதிலைக் கேட்ட பிறகும் நிகழ்ச்சி வேண்டாம் என்று தோன்றினால் நாளைக்கு வந்து எங்களைச் சந்தியுங்கள். பேசுவோம்.

அடுத்த தவணை தொடங்கியதும் திரும்பவும் கடிதம் அனுப்பப் போகிறோம். அதே தலைப்பு. அதே டொக்டர். உம்மாமாரே, வாருங்கள், பக்கத்து வீட்டு உம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். உங்கள் கதிரைகள் நிறைந்திருந்தால் நிறுத்துவதற்கு யாருக்கும் துணிவு வராது.

"நான் நடிக்கல்ல சேர்" என்று இன்னொரு பிள்ளை எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லும் நாள் வரக்கூடாது. அல்லாஹ் நம் எல்லோரையும் பொருந்திக்கொள்வானாக. நமது பெண்களுக்குப் பூரண ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.